பதினோரு மொட்டைத் தலைகள்

கடிதம் புதன்கிழமை வந்தது. தபாலில் வரவில்லை. கதவில் கடிதம் போடுவதற்கு இருக்கும் பிளவு வழியாக யாரோ கையால் போட்டுவிட்டு, நான் கைத்தடியைத் தேடி எடுத்து எழுந்திருப்பதற்குள் போய்விட்டார்கள். நல்ல கனமான காகிதம். மேலே அறங்காவலர் குழுவின் முத்திரை, கீழே ஏழு கையெழுத்து. நடுவில் இப்படி இருந்தது:

"நான்காம் எண் வீட்டுத் தோட்டத்தில் பறவைகளுக்குத் தீனி வைக்கும் மேசை நோய் பரப்பும் இடமாக இருப்பதால், அது வரும் ஞாயிறு நண்பகல் பன்னிரண்டு மணிக்குள் நான்காம் எண் தோட்டத்திலிருந்து அகற்றப்பட வேண்டும். தவறினால், திருமதி எனிட் ஆப்பிள்யார்ட் இங்கே தொடர்ந்து வசிப்பது குறித்து மறுபரிசீலனை செய்யப்படும்."

எண்பத்தொரு வயதில் என்னை மறுபரிசீலனை செய்யப் போகிறார்களாம்! இரண்டு முறை படித்தேன். முதல் முறை கோபம் வந்தது. இரண்டாம் முறை பயம் வந்தது. அந்தப் பயத்தைக் கண்டு இன்னும் அதிகமாகக் கோபம் வந்தது.

பயத்துக்குக் காரணம் இருந்தது. யார்க்‌ஷரில், மார்ஸ்கில் ஊரின் கீழ்க்கோடியில், நானூறு வருடத்துக்கு முன் ஒரு கம்பளி வியாபாரி வயதானவர்களுக்காகக் கட்டிவைத்த பதினோரு தர்ம வீடுகள் எங்களுடையவை. ஒரு முற்றத்தின் மூன்று பக்கமும் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றின் முன்னாலும் கைக்குட்டை அளவில் ஒரு தோட்டம், தோட்டங்களுக்கு நடுவில் முழங்கால் உயர வேலி. வாடகை கிடையாது. ஆனால் வீடு நம்முடையதும் கிடையாது. அறங்காவலர்கள் இரு என்றால் இருக்கலாம், போ என்றால் போக வேண்டும். எனக்கோ போக்கிடம் இல்லை. மகன் நியூசிலாந்தில் இருக்கிறான். அவன் வீட்டில் எனக்கு ஓர் அறை இருப்பதாக அவன் மனைவி இதுவரை வாய் திறக்கவில்லை.

இவ்வளவுக்கும் காரணம் ஒரு பறவையின் தலை.

ஆகஸ்டில் இங்கே பறவைகள் இறகு உதிர்க்கும். பழையது போய்ப் புதியது முளைக்கும். கொஞ்சம் கொஞ்சமாக நடப்பதால் யாரும் கவனிப்பதில்லை. எப்போதாவது ஒன்றுக்கு மட்டும் தலை இறகு மொத்தமும் ஒரே வாரத்தில் கொட்டிப்போகும். உண்ணி என்பார்கள், சத்துக் குறைவு என்பார்கள். சரியாக ஏன் என்று படித்தவர்களுக்கே முழுதாகத் தெரியவில்லை. பெரும்பாலும் சில வாரங்களில் திரும்ப முளைத்துவிடும்.

என் மேசைக்கு வந்தவன் கரும்பறவை, ஆண். உடம்பெல்லாம் கரி நிறம், அலகு மட்டும் ஆரஞ்சு. ஆகஸ்டு இரண்டாம் வாரம் அவன் வந்து இறங்கியபோது கழுத்துக்கு மேலே ஓர் இறகு இல்லை. சாம்பல் நிறத் தோல், காது இருக்கும் இடத்தில் ஒரு ஓட்டை, முகத்தைவிடப் பெரிதாகத் தெரிந்த கண். அசிங்கம் என்றால் அப்படியொரு அசிங்கம். அந்தக் கோலத்தில் வேறு எந்தப் பறவையும் புதருக்குள் ஒளிந்துகொள்ளும். இவன் மேசை நடுவில் நின்று, தன்னைவிட இரண்டு மடங்கு பெரிய புறாவை விரட்டிவிட்டு, நான் ஊறவைத்திருந்த திராட்சையை ஒவ்வொன்றாகத் தின்றான். எனக்கு அவனை மிகவும் பிடித்துவிட்டது.

எங்கள் குடியிருப்பில் ஒரு வழக்கம் உண்டு. தினமும் காலை பத்து மணிக்குள் எல்லோரும் வாசலருகே இருக்கும் அலுவலக அறைக்குப் போய்ப் பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். ராத்திரி யாரும் செத்துப்போகவில்லை என்பதற்கு அதுதான் அத்தாட்சி. கையெழுத்துக்குப் பக்கத்தில் குறை எழுத ஓர் இடம். குழாய் ஒழுகுகிறது, பத்தாம் எண்ணில் ரேடியோ சத்தம் தாங்கவில்லை என்று ஏதாவது எழுதுவோம். அந்த வாரம் ஒருவர் பாக்கியில்லாமல் எல்லோரும், தங்கள் தோட்டத்தில் தலை மொட்டையான கரும்பறவை ஒன்றைப் பார்த்ததாக எழுதியிருந்தார்கள். நானும்தான் எழுதினேன். "மொட்டை வந்தான், நன்றாகச் சாப்பிட்டான்."

பதிவேட்டைப் பார்த்துக்கொள்வது ஐந்தாம் எண் மூரியல் பூத். முப்பத்தெட்டு வருடம் பள்ளிக்கூட அலுவலகத்தில் வருகைப் பதிவேடு எழுதியவள். அங்கே ஒரு கோடு என்றால் ஒரு பிள்ளை. இங்கேயும் அப்படியே செய்தாள். பதினோரு வரியைக் கூட்டி, நம் வளாகத்தில் பதினோரு கரும்பறவைகளுக்குத் தலை இறகு கொட்டியிருக்கிறது என்று அறங்காவலர்களுக்கு அறிக்கை அனுப்பிவிட்டாள். பதினோரு மொட்டைத் தலை என்றதும் அங்கே எல்லோரும் பயந்துவிட்டார்கள். இத்தனை பறவையும் எங்கே சாப்பிடுகின்றன? எனிட் வீட்டு மேசையில். முடிந்தது விசாரணை.

நோய் பரப்பும் இடம்! ஒற்றைத் தூண் மேல் நிற்கும் அந்த மேசையில் வாரம் இரண்டு முறை கொதிநீர் ஊற்றி, தூரிகை போட்டுத் தேய்த்து, காய்ந்த பிறகுதான் தீனி வைக்கிறேன். அறங்காவலர் குழுத் தலைவர் கார்ஸ்டாங் ஓய்வுபெற்ற பல் டாக்டர். அவர் தன் இடுக்கியை அவ்வளவு கழுவியிருப்பாரா என்பது எனக்குச் சந்தேகம்.

வியாழன் காலை மூரியல் துணி உலர்த்த வந்தபோது வேலி ஓரம் போய் நின்றேன்.

"மூரியல், பதினொண்ணுன்னு எழுதி அனுப்பினது நீதானே?"

"பதிவேட்டுல இருந்ததை எழுதினேன். என் சொந்தச் சரக்கு ஒண்ணும் அதுல இல்ல."

"பதினொண்ணும் ஒரே பறவைம்மா."

"அதெப்படி? பதினோரு பேரு, பதினோரு கையெழுத்து, பதினோரு தோட்டம்."

"பதினோரு தோட்டத்துக்கும் போறதுக்கு அதுக்கு இறக்கை இருக்கே. மொட்டையானது தலை மட்டுந்தான்."

அவள் ஒரு தலையணை உறையை உதறிக் கொடியில் போட்டாள். கிளிப் மாட்டுவதற்கு வேண்டியதைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டாள்.

"எனிட், முப்பத்தெட்டு வருஷத்துல நான் ஒரு புள்ளையை ரெண்டு தடவை எண்ணினதே கிடையாது."

"புள்ளைங்க பெஞ்சுல உக்காந்திருந்துச்சுங்க. இது உக்காருமா? நான் இருபத்திரண்டு வருஷம் பஸ் கண்டக்டர். பஸ் மாடிக்கு ஏறிப்போய், காத்து அடிக்குதுன்னு கீழ எறங்கி வந்து உக்கார்றவனை ரெண்டு ஆளுன்னு எண்ணியிருந்தா, என்னை மொத நாளே வீட்டுக்கு அனுப்பியிருப்பாங்க."

"எல்லா மொட்டையும் ஒரே மாதிரிதான் இருக்கும். ஒண்ணுதான்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"இடது இறக்கையில ஒரே ஒரு வெள்ளை இறகு இருக்கே, நீ பாக்கல?"

"தலையைப் பாக்கவே சகிக்கல. இறக்கையை எவ பாத்தா?"

மற்றவர்களிடம் கேட்டேன். அவர்களும் அதையேதான் சொன்னார்கள். ஒருவனுக்குத் தலை மொட்டையாகிவிட்டால் அதன் பிறகு அவனிடம் வேறு எதுவும் யார் கண்ணுக்கும் தெரிவதில்லை.

நான் பதினேழு வருடமாக ஞாயிறுதோறும் தோட்டத்துப் பறவைகளை எண்ணி, பறவைக் கணக்கெடுக்கிற சங்கத்துக்கு அனுப்புகிறவள். அதில் முதல் விதியே இதுதான்: ஒரே நேரத்தில் கண்ணில் பட்டதை மட்டும் எண்ண வேண்டும். காலையில் ஒரு குருவி, மாலையில் ஒரு குருவி என்றால் இரண்டு குருவி ஆகாது. இது தெரியாதவர்கள் கையில் என் வீடு மாட்டிக்கொண்டிருந்தது.

கார்ஸ்டாங்குக்குப் போன் போட்டேன்.

"மிஸஸ் ஆப்பிள்யார்ட், உங்க மேல எனக்குத் தனிப்பட்ட கோபம் ஒண்ணும் இல்லைங்க," என்றார்.

"எனக்கு உங்க மேல இருக்கு, மிஸ்டர் கார்ஸ்டாங். ஞாயித்துக்கிழமை சர்ச் முடிஞ்சதும் நேரா இங்க வாங்க. முற்றத்துல நாற்காலி போடுறேன். முக்கால் மணி நேரம் உக்காந்து நீங்களே எண்ணுங்க. ஒரே நேரத்துல ரெண்டு மொட்டைத் தலையைப் பாத்தீங்கன்னா, நானே மேசையை ஒடைச்சு அடுப்புல போட்டுடுறேன்."

"ஒரு மொட்டைதான்னு ஆனா?"

"அதை அப்போ நீங்க சொல்லணும். உங்க வாயால."

வருவதாக ஒப்புக்கொண்டார். கிழவியைச் சமாதானப்படுத்த அது சுலபமான வழி என்று நினைத்திருப்பார்.

ஏற்பாடு எளிது. எல்லோரும் அவரவர் ஜன்னலில் உட்கார வேண்டும். மொட்டை உங்கள் தோட்டத்தில் இறங்கினால், பாத்திரம் துடைக்கும் துணி ஒன்றை ஜன்னலில் தூக்கிப்பிடிக்க வேண்டும். அவன் போனதும் இறக்கிவிட வேண்டும். நடுவில் இருக்கிற கார்ஸ்டாங்குக்கு மூன்று பக்கமும் தெரியும். சனிக்கிழமை வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். ஒன்பதாம் எண்ணில் க்ளிஃப், ரயிலில் கார்டாக இருந்தவர், கதவைப் பாதிதான் திறந்தார்.

"இளவரசரோட அரண்மனைக் கல்யாணப் படம் போட்ட துணி ஒண்ணு இருக்கு. அதைத் தூக்கலாமா, இல்ல சாதாரணத் துணிதான் வேணுமா?"

"எதை வேணா தூக்குங்க, க்ளிஃப். தூங்காம இருந்தா போதும்."

"பச்சைக் கொடி காட்டியே முப்பது வருஷம் ஓட்டினவன்கிட்ட வந்து சொல்றா பாரு."

மூரியல் மட்டும் கதவைத் திறக்கவில்லை. உள்ளே இருந்தே, இந்தக் கூத்துக்கெல்லாம் என்னைக் கூப்பிடாதே என்றாள். சரி, பத்து ஜன்னல் போதும் என்று வந்துவிட்டேன்.

ஞாயிறு பத்தே முக்காலுக்குக் கார்ஸ்டாங் வந்தார். சர்ச்சுக்குப் போட்ட கோட்டைக் கழற்றவில்லை. மடியில் ஒரு சின்னக் குறிப்பேடு. முதல் பத்து நிமிடம் ஒன்றுமே இல்லை. ஒரு சிட்டுக்குருவிகூட வரவில்லை. இத்தனை நாள் என் சோற்றைத் தின்றவன் இன்றைக்குப் பார்த்து எங்கே தொலைந்தான் என்று எனக்கு வியர்த்தது. ஐந்தாம் எண்ணில் திரைச்சீலை மூடியே இருந்தது.

அப்புறம் எட்டாம் எண்ணில் ஒரு நீலக் கட்டம் போட்ட துணி எழுந்தது. கார்ஸ்டாங் எழுதினார். துணி இறங்கியது. ஏழில் ஒரு துணி எழுந்தது, இறங்கியது. பிறகு இரண்டாம் எண்ணில். பிறகு பதினோராம் எண்ணில். அவன் முற்றத்தைச் சுற்றிச் சுற்றி வருவது அந்தத் துணிகளை வைத்தே தெரிந்தது. ஒன்பதில் அரண்மனைக் கல்யாணம் எழுந்தது. துணியிலிருந்த மாப்பிள்ளையும் பெண்ணும் ஜன்னலில் நின்று கையசைத்தார்கள். அதே நேரம் மூன்றாம் எண்ணிலும் ஒரு துணி எழுந்தது.

"ரெண்டு!" என்றார் கார்ஸ்டாங். நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார்.

ஒருவேளை இரண்டு இருக்கிறதோ? பதினேழு வருடம் எண்ணியவளுக்கே அந்த நினைப்பு வந்துவிட்டது. கைத்தடியை எடுத்துக்கொண்டு முற்றத்தைக் கடந்து ஒன்பதாம் எண் ஜன்னலில் ஓங்கித் தட்டினேன். துணி ஜன்னல் கொக்கியில் மாட்டியிருந்தது. அதற்குக் கீழே நாற்காலியில் க்ளிஃப் வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தார்.

"என்ன? எந்த ஸ்டேஷன்?" என்று பதறி எழுந்தார்.

"மொட்டை போயி எவ்வளவு நேரமாச்சு?"

"போயிட்டானா? இப்பத்தானே இங்க இருந்தான்!"

கார்ஸ்டாங் வந்து எட்டிப்பார்த்தார். தோட்டத்தில் ஒன்றும் இல்லை. குறிப்பேட்டில் எழுதியதை அடித்தார். அடித்ததை நான் நின்று பார்த்தேன்.

திரும்பி என் வீட்டுக்கு வரும்போது ஐந்தாம் எண்ணின் திரைச்சீலை விலகியிருந்தது. ஜன்னலில் இஸ்திரி போட்ட வெள்ளைத் துணி ஒன்று நேராக நின்றது, மூலைகூடச் சாயாமல். மூரியலின் புல் மேல் மொட்டை நடந்துகொண்டிருந்தான். அவன் பறந்த அதே நொடியில் துணி இறங்கியது. அவன் என் மேசைக்கு வந்தான். நான் என் துணியைத் தூக்கினேன். இறக்கையில் அந்த ஒற்றை வெள்ளை இறகு நன்றாகத் தெரிந்தது. முற்றத்தைச் சுற்றிலும் வேறெந்த ஜன்னலிலும் துணி இல்லை.

பதினொன்றரைக்குக் கார்ஸ்டாங் குறிப்பேட்டை மூடினார். மூரியலைத் தவிர எல்லோரும் வெளியே வந்து அவரவர் வேலி அருகே நின்றார்கள்.

"எத்தனைங்க?" என்றேன்.

"ஒண்ணு."

"கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க. க்ளிஃப்புக்குக் காது மந்தம்."

"ஒண்ணுதான்," என்றார். உடனே அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. வலிக்காது என்று சொல்லிவிட்டு இடுக்கியை எடுக்கும்போது வருகிற சிரிப்பு அது. "ஆனா மிஸஸ் ஆப்பிள்யார்ட், நீங்க ஒண்ணு புரிஞ்சுக்கணும். அந்த உத்தரவு ஏழு பேர் கூட்டத்துல முடிவானது. நான் ஒருத்தன் அதுல ஒரு எழுத்தைக்கூட மாத்த முடியாது. மூணு மாசத்துக்கு ஒரு தடவைதான் கூட்டம், அடுத்தது நவம்பர்ல. அப்போ கண்டிப்பா பேசலாம். இப்போதைக்கு மேசையை எடுத்துடுங்க."

"நவம்பர்ல அவனுக்குத் தலை முழுக்க இறகு இருக்கும். என்கிட்ட மேசை இருக்காது."

"விதி விதிதான், என்ன செய்யறது?"

"தப்புன்னு உங்களுக்கே தெரிஞ்சுபோச்சு. இப்பத்தான் உங்க வாயால சொன்னீங்க. தெரிஞ்சும் எடுக்கச் சொல்றீங்களா?"

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பன்னிரண்டுக்கு இன்னும் அரை மணி நேரம்கூட இல்லை. நியூசிலாந்து நினைவுக்கு வந்தது. மகனுக்கு என்னவென்று போன் செய்வது? இருந்தாலும் நான் மேசை அருகே போய், அதன் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"எடுக்க மாட்டேன். உங்க குறிப்பேட்டுல எழுதிக்குங்க. கிழவி எடுக்க மாட்டேன்னு சொன்னான்னு எழுதுங்க. மறுபரிசீலனை பண்ணிக்குங்க. நாலு ஆளைக் கூட்டிட்டு வந்து என்னைத் தூக்கித் தெருவுல வைங்க. மேசையும் நானும் ஒண்ணாத்தான் வருவோம்."

அப்போதுதான் மூரியல் தன் வாசலைத் திறந்துகொண்டு வந்தாள். ஞாயிற்றுக்கிழமைக் காலணி, கையுறை, தொப்பி, எல்லாம் போட்டிருந்தாள். நேராகக் கார்ஸ்டாங் முன்னால் போய் நின்றாள்.

"மிஸ்டர் கார்ஸ்டாங், பதினொண்ணுன்னு எழுதினது நான். அது ஒண்ணு. நான் தப்பா எண்ணிட்டேன்."

ஒன்பது வருடம் அவளுக்குப் பக்கத்து வீட்டில் இருக்கிறேன். நான் தப்புச் செய்துவிட்டேன் என்று அவள் சொல்லி நான் கேட்டதே இல்லை. அவள் கழுத்து சிவந்திருந்தது. அன்றைக்கு அந்த முற்றத்தில் யாருக்காவது துணிச்சல் இருந்தது என்றால் அது அவளுக்குத்தான். நான் என் வீட்டுக்காகப் பேசினேன். அவள் தன் முப்பத்தெட்டு வருடப் பெருமையையும் எல்லோர் முன்னாலும் இறக்கிவைத்தாள்.

"ரொம்ப நேர்மையாச் சொன்னீங்க, மிஸ் பூத். ஆனா உத்தரவு..."

"உத்தரவுல ஒரு எழுத்தைக்கூட மாத்த முடியாதுன்னு சொன்னீங்க."

"ஆமா."

"கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது."

"நவம்பர் வரைக்கும் முடியாது."

"நல்லது." மூரியல் என் பக்கம் திரும்பினாள். "எனிட், அந்தப் பக்கத்தைப் புடி."

"எதை?"

"மேசையை. நாலாம் எண் தோட்டத்திலிருந்து அகற்றணும்னுதானே போட்டிருக்கு? அகற்றிடுவோம். என்னுது அஞ்சாம் எண்."

எனக்குப் புரிய இரண்டு நொடி ஆனது. க்ளிஃப்புக்கு அதுகூட ஆகவில்லை. மனிதர் முழங்கால் வலியை மறந்து ஓடிவந்தார். "தள்ளுங்க, தள்ளுங்க, தூணை நான் பாத்துக்குறேன்," என்று மூன்றாவது ஆளாகப் பிடித்துக்கொண்டார்.

"இது... இது உத்தரவோட நோக்கம் இல்லைங்க," என்றார் கார்ஸ்டாங்.

"நோக்கத்தையும் எழுதியிருந்தா அதையும் செஞ்சிருப்போம்," என்றாள் மூரியல். ஊறிய திராட்சை ஒன்று அவள் வெள்ளைக் கையுறையில் நசுங்கி ஒட்டியிருந்தது. அவள் அதைப் பார்க்கக்கூட இல்லை.

"நவம்பர்ல அஞ்சாம் எண்ணுக்கு உத்தரவு போடுவீங்க," என்று க்ளிஃப் மூச்சு வாங்கியபடி கணக்குப் போட்டார். "அப்போ இது ஆறுக்குப் போகும். பிப்ரவரியில ஏழு, மே மாசம் எட்டு. அடுத்த ஆகஸ்டு என் வீடு. அதுவரைக்கும் நான் சாக மாட்டேன், சொல்லிட்டேன்."

ஆறாம் எண்ணிலிருந்து, எங்க வீட்டுல வெயில் நல்லா வரும் என்று ஒரு குரல் வந்தது. ஏழிலிருந்து யாரோ கை தட்டினார்கள். ஓக் மரத்து மேசை, சுமை அதிகம். வேலிக்கு மேலே தூக்கும்போது ஒரு முறை தடுமாறினோம். எங்கள் மூவரின் வயதையும் கூட்டினால் இருநூற்று நாற்பது தாண்டும். ஆனாலும் கீழே போடவில்லை. மூரியலின் புல்லில் கொண்டுபோய் நேராக நிறுத்தினோம். சாய்ந்திருக்கிறது, சாய்ந்திருக்கிறது என்று அவள்தான் இரண்டு முறை திருத்தினாள்.

நாங்கள் நிமிர்வதற்குள் மொட்டை வந்து இறங்கிவிட்டான். எங்கள் மூன்று பேரையும் அவன் பொருட்படுத்தவில்லை. ஒரு திராட்சையை விழுங்கினான். பிறகு அந்த அவலட்சணமான தலையைச் சாய்த்து, ஒற்றைக் கண்ணால் கார்ஸ்டாங்கைப் பார்த்தான். அவர்தான் முதலில் பார்வையை எடுத்தார். குறிப்பேட்டைக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு வாசலை நோக்கி நடந்தார்.

சர்ச் மணி பன்னிரண்டு அடித்தது. நான்காம் எண் தோட்டத்தில் மேசை இல்லை. உத்தரவை எழுத்துக்கு எழுத்து நிறைவேற்றியிருந்தோம்.